நகப்பூச்சு வைத்த ரிமோட்டுகள்

என் மகனுக்கு, ஸலாமும் துஆவும் சொல்லி உன் உம்மா எழுதுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்து மூன்று தரம் எழும்பிப் போய்விட்டேன். முதல் தரம் தையல்காரி போனில் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மூன்றாம் தரம் ஒன்றுக்குமில்லை, சும்மா போய் உன் கல்யாண உடுப்பை ஒருக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் ஊர் வழக்கப்படி நீ பெண் வீட்டுக்குக் குடிபோகிறாய். கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதுக்கு ஆட்டோவில் ஏறினால் முக்காட்டைச் சரிசெய்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு ஒரு கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரி. வாயால் சொல்லத் தொடங்கினால் நான் பாதியில் அழுவேன், நீ "விடுங்க உம்மா" என்று எழும்பிப் போய்விடுவாய். இரண்டு தரம் அப்படித்தான் ஆனது. இந்தத் தரம் நீ கடைசிவரை கேட்டாக வேண்டும். ஏனென்றால் உனக்கும் நீ கட்டப்போகிற றிஸ்னாவுக்கும் நடுவில் ஒரு விஷயம் கிடக்கிறது. உனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அதை அங்கே போட்டவள் நான். நீ அந்த வீட்டுப் படி ஏறுவதற்கு முன் நானேதான் அதை எடுக்க வேண்டும்.

வட்டிலாப்பத்திலிருந்து தொடங்குகிறேன். நம்முடைய வியாபாரமே அங்கிருந்துதானே தொடங்கியது. நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். வாப்பா உனக்கு ஒரு பழைய கமரா வாங்கித் தந்தார். முதன்முதலாகப் படம் பிடிக்கப் போன கல்யாண வீட்டில் உன்னையும் பலர் சுற்றியிருந்து ஒரே தட்டில் தின்னும் சகனில் உட்காரவைத்து நெய்ச்சோறு தின்னக் கொடுத்தார்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரலில் நெய் போகவில்லை. அந்தக் கையோடு கமராவைத் தூக்கினாய். அது வழுக்கி, பக்கத்துச் சகனின் நடுவில் இருந்த இனிப்பு வட்டிலாப்பத்துக்குள் முகங்குப்புற விழுந்தது. வீட்டுக்கு வந்தபோது கமராவைச் சாரத் துணியால் பொத்திப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாய். பொத்தான் இடுக்கெல்லாம் கருப்பட்டி. நான் பல்லுக்குச்சியால் ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டித் துடைத்தேன். "உம்மா, ஏலக்காய் மணக்குது" என்று அழுகையும் சிரிப்புமாக நீ சொன்னாயே, அதை நினைத்து இப்போதும் தனியே சிரிக்கிறேன்.

அடுத்த நாளே பஸாருக்குப் போனேன். கழுத்தில் மாட்டுகிற பட்டிதான் எல்லாக் கடையிலும் இருந்தது. நீ குனிந்தால் கமரா முன்னால் ஆடிப்போய் யாரின் தலையிலாவது இடிக்கும். எனக்கு வேண்டியிருந்தது புறங்கையைச் சுற்றி இறுக்கிக் கமராவைக் கையோடு கட்டிவைக்கும் பட்டி. "அப்பிடி ஒண்டு இல்ல ராத்தா, ஆரும் கேக்கிறல்ல" என்றார் கடைக்காரர். யாரும் கேட்பதில்லையா, கிடைக்காது என்று தெரிந்து கேட்காமல் இருக்கிறார்களா? வீட்டுக்கு வந்ததும் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். ஒன்று தரமாட்டோம், டசினாகத்தான் தருவோம் என்றார்கள். ரோசம் வந்து ஒரு டசின் எடுத்தேன். உனக்கு ஒன்று, மிச்சம் பதினொன்று. பதினொன்றும் ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், போய்விட்டன!

அந்தக் கிழமையில் எனக்கு வந்த சந்தோசத்தை உன்னிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நாற்பது வயது வரை சமைத்தவள், துவைத்தவள், நெல் காயப்போட்டவள். திடீரென்று காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் கோயில் திருவிழாப் படம் எடுக்கிற பையன்கள் "அக்கா, கைப்பட்டி இரிக்கா?" என்று கேட்டு வாசலில் நிற்கிறார்கள். முன் அறை அலுமாரியிலிருந்த பீங்கானையெல்லாம் இறக்கிவிட்டுப் பட்டிகளை அடுக்கினேன். விற்பதற்கு முன் ஒவ்வொரு பட்டியிலும் அம்மிக் குழவியைக் கட்டிக் கிணற்றடியில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்ப்பேன். வயலிலிருந்து வந்த வாப்பா சைக்கிளை விட்டு இறங்காமலே, "என்னகா இது, குழவியத் தூக்குல போட்டிரிக்காய்? அது என்ன குத்தம் செஞ்ச?" என்று கேட்டார். கேட்கட்டும். குழவியைத் தாங்கிய பட்டி கமராவையும் தாங்கும். பெரியநீலாவணையில் தோணிகளைப் படம் எடுக்கிற தம்பி ஒருநாள் பட்டியின் துருப்பிடித்த கொழுக்கியைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். "அக்கா, உப்புக்காத்துக்கு இது மூண்டு மாசம் நிக்காது." அன்றிலிருந்து இரும்பு வைத்த பட்டியே நான் எடுப்பதில்லை. வாங்குகிறவன் அந்தச் சாமானை எங்கே கொண்டுபோவான், அங்கே பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரியாமல் விற்கக் கூடாது. பட்டி விஷயத்தில் இதைப் படித்துக்கொண்டேன். ரிமோட் விஷயத்தில் மறந்து போனேன்.

ரிமோட் என் யோசனை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், மறைப்பானேன்? நம் கல்யாண வீடுகளில் பெண்ணை உடுப்பாட்டுகிற அறைக்குள் ஆண் படப்பிடிப்பாளர் போக முடியாது. உள்ளே இருக்கிறவர்கள் போனில் எடுக்கிற படங்களில் பாதி கலங்கியிருக்கும், மிச்சத்தில் யாராவது ஒரு மாமியின் முழங்கை இருக்கும். கமராவை ஸ்டாண்டில் வைத்து ரிமோட்டைப் பெண்களின் கையில் கொடுத்துவிட்டால்? கமராவில் செருக ஒரு சின்னப் பெட்டி, கையில் வைத்து அழுத்த ஒரு பொத்தான். இரண்டும் ஒரே சனலில், ஒரே அலைவரிசையில் இருந்தால் கம்பியே இல்லாமல் வேலை நடக்கும். கேள்விப்பட்ட பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் பேசிய வீட்டிலெல்லாம் நகைக்கு அடுத்ததாக என் ரிமோட்டைப் பற்றித்தான் பேச்சு!

ஆனால் அந்தச் சாமானில் ஒரு வில்லங்கம் இருந்தது. பற்றரி மூடிக்குக் கீழே அரிசி அளவில் நாலு சுவிட்சுகள். சனலை மாற்றுவதற்கு உள்ளவை. வாங்கிப் போனவர்கள் பற்றரி போடும்போது அதை நகத்தால் நோண்டிவிட்டு, "இது வேல செய்யுதில்ல" என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கட்டாரிலிருந்து உன் சாச்சி, என் தங்கச்சி, அனுப்பிய சிவப்பு நகப்பூச்சு ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. தொழுகைக்கு வுழூ எடுத்துக் கழுவுகிற விரலில் அதை எங்கே பூசுவது? நமக்கு மருதோன்றி போதும். அந்தப் போத்தலைத் திறந்தேன். எல்லா ரிமோட்டிலும் எல்லாச் சுவிட்சையும் ஒரே பக்கம் தள்ளி, மேலே ஒவ்வொரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட்டேன். இனி யாரும் நோண்ட முடியாது. பதினெட்டுப் பெட்டி. வரிசையாகச் சிவப்பாக மினுங்கின. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பதினெட்டில் இரண்டு ஒரே கல்யாண வீட்டில் சந்தித்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஓடவே இல்லை.

சந்தித்தன. மூன்று வருடத்துக்கு முந்திய அந்த வியாழக்கிழமையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்றாலும் என் பக்கத்திலிருந்து ஒருதரம் கேள். நீ சாய்ந்தமருதில் பந்தலுக்குள் ஆண்கள் பக்கம் படம் எடுக்கப் போயிருந்தாய். புதுக் கமராவை உயரமான ஸ்டாண்டில் வைத்து, கூட்டத்தை ரிமோட்டால் எடுத்துக்கொண்டிருந்தாய். உள்ளே பெண்ணின் அறையில் அவளுடைய சாச்சி மகள், இன்னொரு கமராவோடு. அவள்தான் நம் றிஸ்னா. அவள் கையிலும் என் ரிமோட். நீ பந்தலில் அழுத்த, உள்ளே தலைவிரித்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் முகத்தில் ஃபிளாஷ் அடித்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் உள்ளே ஒரே கூச்சல். பெண்ணோடு கூடப்பிறந்த மூத்த காக்கா வெளியே ஓடிவந்தபோது நீ ரிமோட்டில் பெருவிரலை வைத்தபடி நின்றாய். "உள்ளுக்க எங்கிட புள்ளயவா படம் புடிக்கிறாய்?" என்று கேட்டுப் பறித்தார். படமெல்லாம் உன் கையிலிருந்த அந்தப் பொத்தானுக்குள் வந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். கமராவையும் போனையும் எடுத்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க உன்னை வெளியே அனுப்பினார்கள். நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் விசாரணை என்றார்கள்.

நீ வீட்டுக்கு வந்து, "வல்லாஹி, நான் ஒண்டும் செய்யல்ல உம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். வாப்பா அறுவடைக்காக வயல் வாடிக் குடிசையில். வீட்டில் நாம் இரண்டு பேர்தான்.

இதுவரை உனக்குத் தெரியும். நான் வெள்ளிக்கிழமை காலையில்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்த கையோடு பள்ளிவாசலுக்கு ஓடினேன் என்று நீ நினைத்திருக்கிறாய். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. உன் கூட்டாளிகள் என்னை வீரத்தாய் மாதிரிப் பேசும்போது நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். ஏன் தெரியுமா மகனே? நான் வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகே கண்டுபிடித்துவிட்டேன். நீ சொன்னதைக் கேட்டதும் அந்த நகப்பூச்சு நினைவுக்கு வந்தது. அலுமாரியிலிருந்து இரண்டு பெட்டி எடுத்தேன். ஒன்றிலிருந்து செருகுகிற துண்டை எடுத்து உன் பழைய வட்டிலாப்பக் கமராவில் செருகினேன். மற்றப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். கமரா 'சடக்' என்றது. பின்னூசியால் நகப்பூச்சைச் சுரண்டி, சுவிட்சை மாற்றி அழுத்தினேன். சத்தமில்லை. அவ்வளவுதான். நீ சுத்தமானவன், பிழை என்னுடையது. அடுத்த அறையில் நீ படுத்திருக்கிறாய். எழும்பி வந்து சொல்ல எட்டு அடி தூரம்.

நான் வரவில்லை. அது கல்யாண சீசன். விற்ற பெட்டிகள் எத்தனை வீடுகளில் கிடக்கின்றன, எத்தனை பெண்ணின் அறையில் இதேபோல ஃபிளாஷ் அடித்திருக்கும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒரு பெண்ணும் இனி என் வாசலுக்கு வரமாட்டாள். நாற்பது வயதில் கிடைத்த ஒரு பெயர், ஒரே நாளில் போய்விடும். உன்மேல் ஆதாரம் ஒன்றும் இல்லை, விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பிறகு சோற்றுப் பீங்கானோடு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து என்ன கேட்டேன், நினைவிருக்கிறதா? "தெரியாம எங்கயும் அமத்திப்போட்டியா மனே? நல்லா யோசிச்சிப் பாரு."

தெரிந்துகொண்டே கேட்டேன். உன்னையே உன்மேல் சந்தேகப்பட வைத்தேன். நீ திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு, "இல்ல உம்மா, எனக்குத் தெரியா" என்றாய். அதற்கு முன் "நான் செய்யல்ல" என்று சொன்ன பிள்ளை, நான் கேட்ட பிறகு "தெரியா" என்று சொன்னாய். அந்தச் சோற்றை நீ தொடவில்லை. இந்த மூன்று வருடத்தில் நான் செய்த தொழுகையில் எல்லாம் நான் கேட்ட அந்த ஒரு கேள்விக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். அல்லாஹ்விடம் கேட்டாயிற்று. உன்னிடம் கேட்கத்தான் இத்தனை நாள் எடுத்தது.

இனி றிஸ்னா. வெள்ளிக்கிழமை காலையில் நீ குளிக்கப் போயிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முன்பின் தெரியாத பிள்ளை, தோளில் கமராப் பை, கையில் பெண் வீட்டார் என்னிடம் வாங்கிய ரிமோட். உள்ளே வந்ததும் அவள் கண் நேரே மேசைக்குப் போனது. சுரண்டிய நகப்பூச்சும் பின்னூசியும் அப்படியே கிடந்தன.

"மாமி, நான் ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்களே? உங்கட மகன்ட கையில இருந்த ரிமோட்டும் இஞ்ச உள்ளதுதானே?"

"ஓம் மகள்."

"நான் உள்ளுக்க அமத்தக்குள்ள, வெளிய பந்தலிலயும் ஃபிளாஷ் அடிச்ச. ஜன்னல் சீலையில வெளிச்சம் விழுந்தத என்ட கண்ணால கண்ட நான். அவர் எங்கிட கமராவ அமத்தினா, நானும் அவர்ட கமராவ அமத்தி இரிக்கன். அப்ப என்னையும்தானே பள்ளிக்குக் கூப்பிடணும்?"

அவள் மேசையை இன்னொரு தரம் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மாமி?"

"நேத்து அஸருக்குப் புறகு."

அவள் ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "அவருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஜும்ஆ முடிய இன்னும் நேரம் இரிக்கி. வெளிக்கிடுங்க மாமி, நானும் வாறன்" என்றாள். மகனே, அந்தப் பிள்ளை வந்திருக்காவிட்டால் நான் போயிருப்பேனா? போயிருப்பேன் என்றுதான் சொல்ல ஆசை. சத்தியம் பண்ணமாட்டேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரிந்த கதை, ஆனாலும் எனக்குச் சொல்லித் தீராது! பள்ளிவாசலுக்குப் பக்கத்து மதரஸா மண்டபத்தில் தலைவர் ஹாஜியாரும் பெண்ணின் வாப்பாவும் காக்காமாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ ஒரு மூலையில் நிலத்தைப் பார்த்தபடி. நாங்கள் இரண்டு பெண்கள் வாசற்படியில் போய் நின்றதும் கூட்டம் முழுதும் எங்கள் பக்கம் திரும்பியது. மேசையின் இந்தப் பக்கம் றிஸ்னாவின் கமரா, அந்தப் பக்கம் உன் கமரா. ரிமோட்டை ஹாஜியாரின் கையிலேயே கொடுத்து, "நீங்களே அமத்துங்க ஹாஜியார்" என்றேன். அமத்தினார். இரண்டு பக்கமும் ஃபிளாஷ்! மனுசன் கதிரையோடு பின்னுக்குப் போய்த் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். "சுப்ஹானல்லாஹ்! இன்னொருக்கா அமத்தட்டா?" அமத்தினார். இரண்டு பக்கமும். பெண்ணின் வாப்பா கேட்டு வாங்கி அமத்தினார். அதன் பிறகு அந்த மண்டபத்தில் பொத்தானைத் தொட்டுப் பார்க்காத ஆம்பிளை இல்லை. உன் கமராவைத் திறந்து பார்த்தால், நீ எடுக்காத படங்கள். றிஸ்னா உள்ளே அமத்த வெளியே விழுந்தவை. பந்தல் காலை முகருகிற ஆடு ஒன்று. சமையல்காரரின் முதுகு. கடைசியில் தலைவர் ஹாஜியாரே, கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் பல்லுக் குத்துகிறார். "இத அழிங்க முதல்ல" என்றார். மண்டபம் சிரித்த சிரிப்பில் பெண்ணின் காக்கா எழும்பி வந்து உன்னைக் கட்டிப்பிடித்தார். உள்ளே விழுந்த படங்களை முதல் நாளே அழித்துவிட்டதாக றிஸ்னா அவருக்குக் காதோடு சொன்னாள்.

நகப்பூச்சு வைத்தது நான்தான் என்று அங்கே சொன்னேன். எப்போது தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. றிஸ்னா என்னைப் பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் பின்னூசியோடு வீடு வீடாகப் போய் விற்ற பெட்டிகளைத் திறந்து நகப்பூச்சைச் சுரண்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சனலுக்கு மாற்றினோம். அவளும் என்னோடு நடந்தாள். பாலமுனை வரைக்கும் போனோம். ஒரு வீட்டிலும் என்னைத் துரத்தவில்லை. ஒரு மாமி இஞ்சித் தேத்தண்ணி தந்து, "சொல்ல வந்தீங்களே, அது போதும்" என்றார். பயந்தது ஒன்று, நடந்தது ஒன்று. இதை உனக்குப் புத்திமதியாகவே சொல்கிறேன். பிழை தெரிந்த உடனே பொஞ்சாதியிடம் சொல்லிவிடு. அடுத்த நாள் காலைக்கு வைக்காதே. அந்த ஒரு பின்னேரத்தை வைத்ததற்கு நான் மூன்று வருடம் கஷ்டப்பட்டிருக்கிறேன்.

போன மாதம் றிஸ்னாவின் வாப்பா மாப்பிள்ளை கேட்டு வந்தபோது, அவருக்குத் தேத்தண்ணி வைக்க முன்னமே நான் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். நீ முகத்தை ஒன்றும் தெரியாதது போல வைத்துக்கொண்டாய். பெரிய நடிகன்! ஆனால் எனக்கு உள்ளே உறுத்தியது. போன கிழமை அவளிடம் நேரே கேட்டேன். "அந்த வியாழக்கிழமை விசயம் அவனுக்குத் தெரியுமா மகள்?"

"நான் சொல்லல்ல மாமி. அது உங்கட கத. ஆனா கலியாணத்துக்குப் புறகு அவர் கேட்டா, எனக்குப் பொய் சொல்ல ஏலாது."

பார்த்தாயா? என்னுடைய பொய்யை மூன்று வருடம் சுமந்திருக்கிறாள். அதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவள் உன்னோடு வாழத் தொடங்கக் கூடாது. ஒருநாள் இது வெளியே வந்து, "உனக்கும் தெரியுமா?" என்று நீ அவளைக் கேட்க நேர்ந்தால் அன்றைக்கு உடைவது என் பெயர் அல்ல, உங்கள் வீடு. கோபம் வந்தால் என்மேல் வரட்டும். அவள்மேல் ஒரு துளியும் வரக் கூடாது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பையும் வரும். அதில் ஒரு கைப்பட்டி இருக்கிறது. அது உனக்கில்லை, றிஸ்னாவுக்கு. பெண்ணின் அறைப் படம் எடுக்க இப்போது அவளை எத்தனை ஊரில் கூப்பிடுகிறார்கள்! ஆனால் கடைக்கு வருகிற பட்டியெல்லாம் ஆம்பிளைக் கைக்குத்தான். அதனால் அவள் கை அளவுக்கு வெட்டித் தைத்தேன். குழவி கட்டிப் பார்த்தாயிற்று. கல்யாணம் முடிந்து நீயே அவள் கையில் கட்டிவிடு.

இன்னொன்று, ஒரு ரிமோட். அதை உன் கோட்டுப் பையில் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கத்தில் ஒரு கமரா ஸ்டாண்டில் நிற்கும். இரண்டும் ஒரே சனல். இந்தத் தரம் தெரிந்துதான், றிஸ்னா தன் கையாலேயே மாற்றி வைத்தாள். சுவிட்சின் மேலே நகப்பூச்சு இல்லை, நீ விரும்பினால் மாற்றிவிடலாம். நிகாஹ் முடிந்து, துஆ ஓதி, எல்லாரும் ஆமீன் சொன்ன பிறகு, றிஸ்னா முக்காடும் உடுப்புமாக அந்தக் கமராவுக்கு முன்னால் நிற்பாள். நான் அவள் பக்கத்தில் நிற்பேன். கோபம் தீரவில்லை என்றால் சும்மா இரு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். இந்த உம்மாவை மன்னித்துவிட்டாய் என்றால் பைக்குள் கையை விட்டு ஒரு தரம் அமத்து.

உள்ளே யார் கையிலும் ரிமோட் இருக்காது மனே. நான் கமராவையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் உம்மா